‘கட்டவுட்’ என்னும் சொல்: பழைய மோட்டார் சைக்கிள்களின் மின்னேற்றம் குறித்து ஒரு மறுவாசிப்பு

இராமநாதபுரம், மண்டபம் பக்கம் பழைய வண்டிகளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்குகள், டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் கறுப்புப் பெட்டியை ரெகுலேட்டர் என்று சொல்வதில்லை, ‘கட்டவுட்’ என்பார்கள். இதைக் கொச்சை என்று ஒதுக்குவது எளிது. எனக்கு அது ஒரு சாசனம்.

மூன்றாம் பிரஷ் வைத்த டைனமோக்களின் காலத்தில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவியே கிடையாது. வண்டி நின்றால் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பி ஓடாமல் தடுக்கும் கட்டவுட் மட்டும் இருந்தது. 1930களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் மின்கருவி நிறுவனமான லூகாஸ் அதனோடு மின்னழுத்தத்தைச் சீராக்கும் இன்னொரு சுருளைச் சேர்த்து ஒரே மூடிக்குள் வைத்தது. மேக்னெட்டோவும் டைனமோவும் ஒன்றாய் இணைந்த மேக்டைனோ பொருத்திய, போருக்குப் பிந்தைய என்ஃபீல்டு புல்லட்டில் வரும் எம்.சி.ஆர்.2 பெட்டி இந்த வம்சம். உள்ளே இருக்கும் பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. ஆகவே இச்சொல் மூன்றாம் பிரஷ் காலத்திலேயே பட்டறைக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சொல்லைத் தவிர வேறு சான்று என் கையில் இல்லை. ஆனால் புதுப் பெட்டிக்குப் பழைய பெயரைப் புதிதாக யாரும் சூட்டியிருக்க மாட்டார்கள்.

இங்கே நான் மறுக்க வேண்டியது, பழைய வண்டிப் பிரியர்களிடையே உலகெங்கும் உலவும் ஒரு வாசிப்பை. லூகாஸை ‘இருட்டின் இளவரசன்’ என்று கேலி செய்து, விளக்கு மங்கினாலும் பேட்டரி கொதித்தாலும் பழியைப் பெட்டியின் தலையில் கட்டுவது அது. நிறுவனர் ஜோசப் லூகாஸ் 1902-லேயே இறந்துவிட்டார். அவர் பேர் வாங்கியது சைக்கிளுக்கான எண்ணெய் விளக்கில். அது போகட்டும். இந்த வாசிப்பின் உண்மையான குறை, நிறுவனமே கொடுத்த வெப்ப அட்டவணையைக் கணக்கில் எடுக்காதது.

எம்.சி.ஆர்.2-க்கு பேட்டரியைக் கழற்றிவிட்டு அளக்கும் அழுத்தம், 10 டிகிரி செல்சியஸில் 8.0 முதல் 8.4 வோல்ட், 20-இல் 7.8 முதல் 8.2, 30-இல் 7.6 முதல் 8.0, 40-இல் 7.4 முதல் 7.8. வெயில் ஏற ஏற எண் இறங்குகிறது. ஈருலோகப் பட்டை ஒன்று உள்ளே அந்த வேலையைச் செய்கிறது. சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு, 40 டிகிரியைத் தொடும் தகரக் கொட்டகைக்குள் வோல்ட்மீட்டரை வைத்து, 20 டிகிரி வரியைப் பார்த்து 8.2-க்குத் திருகினால் என்ன ஆகும்? அந்த நேரத்து உச்ச வரம்பைவிட 0.4 வோல்ட் கூடுதல். காலைக் குளிர்ச்சியில் அது இன்னும் ஏறும். டிஸ்டில்ட் வாட்டர் வற்றும், ஆசிட் பொங்கும், பழி பர்மிங்காமிலிருந்த லூகாஸுக்குப் போகும்.

வெப்பத்தை மட்டும் சொன்னால் இந்தக் கடற்கரைக்கு அது பாதிக் கதைதான். பெட்டியில் எஃப், ஏ, டி, ஈ என நான்கு முனைகள். ஈ என்பது எர்த். அங்கே செம்பு பச்சைக் களிம்பு பூத்துவிட்டால், அழுத்தத்தை உணர வேண்டிய சுருளுக்கு முழு அழுத்தம் போய்ச் சேராது. டைனமோ குறைவாகத் தருவதாக அது ஏமாந்து, தொடுமுனைகளைத் திறக்காமல் விடும். பல்புகள் அடுத்தடுத்து பியூஸ் ஆகும். பேட்டரியின் எர்த் துருப்பிடித்தாலோ நேர்மாறு: சார்ஜே ஏறாது. ஒரே உப்புக்காற்றில் இரண்டு எதிரெதிர் நோய்கள். பெட்டியை மாற்றினாலும் எர்த்தைச் சுரண்டாதவரை நோய் திரும்பும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்புச் சோதனைக்கு மண்டபத்தைத் தேர்ந்தது வீணாக அல்ல.

பின்னால் ஆல்டர்னேட்டர் வந்ததை நேர்கோட்டு முன்னேற்றமாகப் படிப்பதும் எனக்கு ஒப்பாது. 1950களின் பிரிட்டிஷ் ஆல்டர்னேட்டர் வண்டிகள் பலவற்றில் சீராக்கியே இல்லை. ஹெட்லைட் சுவிட்சைத் திருப்பும்போது சுருள்கள் கூடவோ குறையவோ இணையும், அவ்வளவுதான். அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஜெனர் டையோடு 1960களில்தான் வந்தது. நடுவில் கொஞ்ச காலம் கட்டவுட் காலத்துக்கே திரும்பியதுபோல.

மீண்டும் சொல்லுக்கே வருகிறேன். இராமேஸ்வரம் தீவுக்குள் கட்டவுட் பெட்டி எப்போது வந்தது என்பதில் நான் ஆண்டு சொல்லத் தயாரில்லை. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதை வைத்துக் கணக்குப் போடலாம்தான். ஆனால் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-இல். அதற்கு முன் தீவுக்கு வண்டி வந்தது ரயிலிலோ தோணியிலோ. சொல் வண்டியோடு வந்ததா, அக்கரையில் வேலை கற்றுத் திரும்பிய மெக்கானிக்கின் வாயோடு வந்ததா என்பதை எந்த அட்டவணையும் காட்டாது.