அரிசிப் பெட்டியும் விருதுநகர் வீடும்

கொரிய வரலாற்றுப் படம் பார்க்கிறவங்களுக்கு 2015-ல் வந்த 'தி த்ரோன்' தெரிஞ்சிருக்கும். 1762-ல் மன்னர் யோங்ஜோ, பட்டத்து இளவரசரான சொந்த மகன் சாடோவை அரிசிப் பெட்டிக்குள் அடைத்த கதை. எட்டாம் நாள் உயிர் போனது. பெற்றவருக்குப் பணிவதே பெரிய அறம் என்றிருந்த நாட்டில், அரியணை குறுக்கே வந்ததும் அப்பா மகன் உறவே நசுங்கிப் போச்சு.

இப்ப நம்ம விருதுநகருக்கு வாங்க.

காமராஜர் 1903-ல் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா போயிட்டார். படிப்பு நின்றது, தாய்மாமன் ஜவுளிக்கடையில் வேலை. பிறகு காங்கிரஸ், 1930 உப்பு சத்தியாகிரகம், அலிப்பூர் சிறை. மொத்தச் சிறைவாசம் ஏறக்குறைய 9 ஆண்டு. கல்யாணமே செய்யலை.

1954 முதல் 1963 வரை முதல்வர். அந்தக் காலம் முழுக்க அம்மா சிவகாமி அம்மாள் இருந்தது அதே விருதுநகர் வீட்டில்தான். அம்மா சென்னைக்கு வந்தா உறவுக்கூட்டம் வரும், கூடவே சிபாரிசும் வரும் என்பது அவர் கணக்கு என்பார்கள்.

இதை மகனின் தியாகமா மட்டும்தான் சொல்றோம். பாதித் தியாகம் அந்த அம்மாவுடையது. அவங்ககிட்ட யாரும் சம்மதம் கேட்டதா கதையில் வர்றதில்லை.

"பையன் மாசாமாசம் பணம் போட்டுடுறான் டாக்டர்" என்று தனியா வர்ற அம்மாக்களைப் பார்க்கும்போது அவங்க ஞாபகம்தான் வரும்.

காமராஜருக்கு ஒரு மாநிலமே காரணமா இருந்தது. நமக்கு என்ன காரணம்?

இன்னைக்கு அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. பிரஷர் மாத்திரை போட்டாச்சான்னு கேட்டுட்டு உடனே வச்சிடாதீங்க. கொஞ்ச நேரம் பேசுங்க.