மிக்சிங் யார் கையில்? நிர்வானாவின் மூன்று ஆல்பங்களை முன்வைத்து

நிர்வானா குழு 1989க்கும் 1993க்கும் இடையே மூன்று ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்டது: ‘பிளீச்’, ‘நெவர்மைண்ட்’, ‘இன் யூட்டரோ’. மூன்றையும் பதிவு செய்தவர்கள் வேறுவேறு ஆட்கள். ஆனால் மூவரும் ராக் குழுக்களில் வாசித்தவர்கள். ஜாக் எண்டினோ சியாட்டில் நகரின் ‘ஸ்கின் யார்ட்’ குழுவின் கிட்டாரிஸ்ட். புட்ச் விக், விஸ்கான்சின் மாநிலத்தின் ‘ஸ்பூனர்’, ‘ஃபயர் டவுன்’ குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். ஸ்டீவ் அல்பினி, சிகாகோ வட்டாரத்தின் ‘பிக் பிளாக்’ குழுவை நடத்தியவர். நிர்வானா பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் வாழ்வையும் 1994இல் நேர்ந்த அவரது மரணத்தையுமே சுற்றிவருகிறது. ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களை இக்கட்டுரை பார்க்கிறது. ஒரு பாடல் எப்படி ஒலிக்க வேண்டும் என்ற முடிவு வாசிக்கும்போதே எடுக்கப்படுகிறதா, பிறகு மிக்சிங்கில் எடுக்கப்படுகிறதா? அந்தத் தருணம் தள்ளிப்போகும்போது முடிவெடுக்கும் உரிமை யாரிடம் போய்ச் சேர்கிறது?

முன்வரலாறு சுருக்கமானதுதான். 1960களின் நடுப்பகுதிவரை தயாரிப்பாளர் என்பவர் பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்தின் சம்பளக்காரர். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே 1965வரை ஈஎம்ஐ நிறுவனத்தின் ஊழியராகத்தான் இருந்தார். 1970களின் பிற்பகுதியில் 8 டிராக் டேப் இயந்திரங்கள் சிறிய முதலாளிகளுக்கும் கட்டுப்படியாகும் விலைக்கு இறங்கின. தன் குழுவின் பாடல்களைப் பதிவு செய்துகொள்ளக் கடன்பட்டு ஓர் இயந்திரத்தை வாங்கியவரிடம் பக்கத்துத் தெருக் குழுவும் வந்து நின்றது. இசைக்கலைஞர்கள் தயாரிப்பாளர்களான வழிகளில் முக்கியமானது இது. தயாரிப்பாளர் ஆக வேண்டும் என்று திட்டமிட்டு இந்த வழியில் வந்தவர்கள் குறைவு என்றே தோன்றுகிறது.

எண்டினோ மின்பொறியியல் படித்தவர். 1986இல் கிறிஸ் ஹான்செக்குடன் சேர்ந்து சியாட்டிலின் பல்லார்ட் பகுதியில், முக்கோண வடிவக் கட்டடம் ஒன்றில், ‘ரெசிப்ரோக்கல் ரெக்கார்டிங்’ ஸ்டுடியோவைத் தொடங்கினார். சவுண்ட்கார்டனின் ‘ஸ்கிரீமிங் லைஃப்’, கிரீன் ரிவரின் ‘டிரை அஸ் எ போன்’, மட்ஹனியின் முதல் பதிவுகள் எல்லாம் அவர் கையால் ஆனவை. 1988 ஜனவரி 23 அன்று, இன்னும் பெயர்கூட நிலைக்காத ஒரு குழு வந்தது. மெல்வின்ஸ் குழுவின் டேல் குரோவர் டிரம்ஸ் வாசிக்க, ஒரே பிற்பகலில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்துவிட்டுப் போனது. கோபேனின் குரல் எண்டினோவை உலுக்கியது. அந்த டேப்பின் பிரதியை அவர் ‘சப் பாப்’ நிறுவனத்தின் ஜொனாதன் போன்மனிடம் கொடுத்தார். நிர்வானாவின் கதை தொடங்குவது அங்கேதான். வெறும் ஒலிப்பொறியாளர் இதைச் செய்திருப்பாரா என்பது சந்தேகமே. அதே மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்த சக கலைஞனின் செயல் இது.

‘பிளீச்’ அதே ஸ்டுடியோவில் 1988 டிசம்பரிலும் 1989 ஜனவரியிலும் பதிவானது. 30 மணி நேர வேலைக்கு 606.17 டாலர் பில். அந்தப் பணத்தைக் கொடுத்த ஜேசன் எவர்மன் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஆனாலும் உறையில் கிட்டாரிஸ்டாக இடம்பெற்றார். எண்டினோவின் பெயர் தயாரிப்பாளராக இல்லாமல் ‘பதிவு செய்தவர்’ என்றே அச்சானது.

இங்கே அந்த ஸ்டுடியோவின் 8 டிராக் டேப்பின் கணக்கைக் கவனிக்க வேண்டும். டிரம்ஸுக்கு மட்டும் அரை டஜன் மைக் வைத்தாலும், பாஸுக்கும் கிட்டாருக்கும் குரலுக்கும் இடம் விட வேண்டுமென்றால், அவற்றை இரண்டு மூன்று டிராக்குகளுக்குள் அப்போதே கலந்து அடைத்தாக வேண்டும். ஒரே டிராக்கில் கலந்துவிட்ட ஸ்னேரையும் கிக் டிரம்மையும் பிறகு பிரித்தெடுக்க அன்று வழியில்லை. ஆகவே மிக்சிங்கின் பாதி, பதிவின்போதே முடிந்துவிடுகிறது. வெளியிலிருந்து இன்னொருவரை வரவழைத்து மாற்றச் சொல்ல அதிகம் மிச்சமிருக்காது. ‘பிளீச்’சின் கரடுமுரடை வறுமையின் அடையாளமாகவே விமர்சகர்கள் பேசுவார்கள். முடிவுகள் முன்கூட்டியே எடுக்கப்பட்டதன் அடையாளமாக அதைக் கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

விக்கின் பாதையும் அப்படியே தொடங்கியது. 1983இல் ஸ்டீவ் மார்க்கருடன் சேர்ந்து மாடிசன் நகரில் அவர் தொடங்கிய ‘ஸ்மார்ட் ஸ்டுடியோஸ்’ மலிவான, வேகமான பதிவுகளுக்குப் பெயர்பெற்றது. 1990 ஏப்ரலில் நிர்வானா அங்கே வந்தது. அப்போது பதிவான ‘பாலி’ பாடல் அப்படியே ‘நெவர்மைண்ட்’டில் இடம்பிடித்தது. மற்றவை 1991 மே மாதம் தொடங்கி, லாஸ் ஏஞ்சலஸ் அருகே வான் நைஸில், ‘சவுண்ட் சிட்டி’ ஸ்டுடியோவின் நீவ் மிக்சிங் மேசையில் பதிவாயின. ஒதுக்கப்பட்ட தொகை 65,000 டாலர். இப்போது 24 டிராக். குரலை இரட்டிக்கலாம், கிட்டாரை அடுக்கலாம், எது தேவை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோபேனுக்கு ஒரே வரியைத் திரும்பப் பாடுவது பிடிக்காது. அது ஏமாற்றுவேலை என்று நினைத்தார். ஜான் லெனனும் அப்படித்தான் செய்தார் என்று சொல்லி விக் அவரைச் சம்மதிக்க வைத்தார். கோபேன் எங்கே இளகுவார் என்பது தெரிந்தவரின் சாமர்த்தியம் அது.

ஆனால் ஒத்திப்போட்ட முடிவுகளுக்கு ஒரு விலை உண்டு. விக்கும் குழுவும் மிக்சிங்கில் இறங்கினார்கள். விளைவு யாருக்கும் திருப்தியாக இல்லை. குழுவின் புதிய இசைத்தட்டு நிறுவனம் மிக்சிங் நிபுணர்களின் பட்டியல் ஒன்றை நீட்டியது. அதிலிருந்து ஆண்டி வாலஸைத் தேர்ந்தெடுத்தவர் கோபேன். ஸ்லேயர் குழுவின் ‘சீசன்ஸ் இன் தி அபிஸ்’ ஆல்பத்தில் வாலஸ் வேலை செய்திருந்தார் என்பதே காரணம். வாலஸ் டிரம்ஸுக்கு எதிரொலியும் அகலமும் கூட்டினார். அதற்கு சாம்பிள்களின் துணையையும் எடுத்துக்கொண்டார். 1991 செப்டம்பர் 24 அன்று வெளியான ஆல்பம், 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ஐ இறக்கிவிட்டு பில்போர்டு பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அதன் பிறகு, ஒலி அளவுக்கு மீறி மெருகேறிவிட்டது என்று கோபேன் குறைபட்டுக்கொண்டார். இந்தக் குறையில் பாதிதான் நியாயம். வாலஸைத் தேர்ந்தெடுத்ததும் அவரே, மிக்சிங்குக்கு ஒப்புதல் கொடுத்ததும் அவர் இருந்த குழுவே.

அந்த அதிருப்திதான் அல்பினியிடம் கொண்டுபோய் நிறுத்தியது. பிக்ஸிஸ் குழுவின் ‘சர்ஃபர் ரோசா’வைப் (1988) பதிவு செய்தவர் அவர். 1992 நவம்பரில் நிர்வானாவுக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்றை எழுதினார். விற்பனையில் பங்கு வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல் வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்றார். முப்பது லட்சம் பிரதிகள் விற்றால் தன் பங்கு சுமார் 4,00,000 டாலர் வரும் என்று தானே கணக்குப் போட்டுக் காட்டி, அதை மறுத்தார். பெற்றது 1,00,000 டாலர். பெருந்தன்மை என்று மட்டும் இதைப் படிப்பது போதாது. விற்பனையில் பங்கு உள்ள தயாரிப்பாளருக்கு, பாடல் வானொலியில் ஓட வேண்டும் என்ற கவலை மிக்சிங்கின்போது வந்து ஒட்டிக்கொள்ளும். அல்பினி அறுத்தெறிந்தது அந்தக் கயிற்றை.

1993 பிப்ரவரியில், மினசோட்டா மாநிலத்தின் கேனன் ஃபால்ஸ் ஊரை அடுத்த ‘பேச்சிடெர்ம்’ ஸ்டுடியோவில் வேலை நடந்தது. டேவ் குரோலின் டிரம்ஸைச் சுற்றிலும் அறை நெடுகவும் முப்பது மைக் வரை வைத்தார் அல்பினி. குழுவின் மூவரும் சேர்ந்தே வாசித்தார்கள். மிக்சிங் உட்பட இரண்டு வாரங்களுக்குள் எல்லாம் முடிந்தது. டிராக்குகளுக்கு இங்கே பஞ்சமில்லை. இருந்தும் அறையின் எதிரொலி, கருவிகளுக்கு இடையிலான தூரம், எது முன்னே எது பின்னே என்பதெல்லாம் மைக் வைத்த இடத்திலேயே தீர்மானமாகிவிட்டன. 8 டிராக் கட்டாயமாகச் சுமத்திய ஒழுங்கை, வசதி இருந்தும் அவர் விரும்பி மேற்கொண்டார் என்பேன்.

நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. ஏப்ரலில் ‘சிகாகோ டிரிப்யூன்’ அச்செய்தியை வெளியிட்டது, ‘நியூஸ்வீக்’கும் எழுதியது, குழு பில்போர்டில் விளம்பரம் கொடுத்து மறுத்தது. நிறுவனம் வில்லன், கலைஞன் பலியாள் என்று இதைச் சுருக்குவது வழக்கம். ஆனால் பாஸும் குரலும் அமுங்கிக் கிடப்பதாகக் குழுவுக்கே குறை இருந்தது. கோபேன் கேட்டபோது, இதைவிட நன்றாகச் செய்ய முடியாது என்று அல்பினி கைவிரித்தார். ஆர்.ஈ.எம். குழுவின் தயாரிப்பாளரான ஸ்காட் லிட், ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அப்பாலஜிஸ்’ ஆகிய இரண்டு பாடல்களை மீண்டும் மிக்ஸ் செய்தார். மாஸ்டரிங்கின்போது பாப் லட்விக் குரலையும் பாஸையும் சற்றுத் தூக்கினார். செப்டம்பரில் வெளியான ஆல்பத்தில் மற்றப் பாடல்கள் அல்பினியின் மிக்ஸாகவே நின்றன.

பிந்தைய ஆண்டுகளில் மூவரும் தத்தம் வழியிலேயே போனார்கள். விக் 1990களின் நடுவில் ‘கார்பேஜ்’ குழுவோடு மீண்டும் டிரம்ஸுக்குத் திரும்பினார். மிக்சிங்கைப் பிறரிடம் விடும் பழக்கமும் அவரிடம் தொடர்ந்தது. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் ‘சயமீஸ் டிரீம்’ (1993), குரோலின் வீட்டு கராஜில் டேப்பில் பதிவான ஃபூ ஃபைட்டர்ஸின் ‘வேஸ்டிங் லைட்’ (2011) இரண்டையும் மிக்ஸ் செய்தவர் ஆலன் மோல்டர். அல்பினி 1997இல் சிகாகோவில் ‘எலெக்ட்ரிகல் ஆடியோ’ ஸ்டுடியோவைத் திறந்து, 2024 மே மாதம் இறக்கும்வரை கூலிக்கே வேலை செய்தார். 2013இல், ‘இன் யூட்டரோ’வின் இருபதாம் ஆண்டுப் பதிப்புக்காகப் பழைய டேப்புகளை எடுத்து மீண்டும் மிக்ஸ் செய்தார். ‘பிளீச்’சுக்கு 2009இல் இருபதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது எண்டினோ புதிதாக மிக்ஸ் செய்தது, உடன் இணைத்த 1990ஆம் ஆண்டு போர்ட்லண்ட் மேடைக் கச்சேரியை மட்டுமே, ஸ்டுடியோப் பாடல்களுக்கு மறு மாஸ்டரிங்கோடு சரி.