கும்பகமும் கரியமிலவாயுவும்

ஏலக்காய் வாணிபத்தாற் பெயர்பெற்ற போடிநாயக்கனூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தது. ஏலமலைக்கு வாயிலாகிய போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தது. சுமை தாங்கி அச்சரிவில் ஏறுவோரும், பரமசிவன் கோயிற்குன்று ஏறும் அடியாரும் ஒருங்கே உணர்வது மேல்மூச்சு. மலைமேற் காற்று மெலிந்தமையே அதன் காரணம் எனப் பலர் கருதுவர். அவ்வளவு உயரத்தில் மெலிவு சிறிதே. உழைக்குந் தசைகள் கரியமிலவாயுவை மிகுதியாக விளைவிக்க, அதனைப் போக்குதற்பொருட்டே மூச்சு விரைகின்றது.

இவ்வுண்மையை ஆராய்ந்து நிறுவினோர் ஆங்கிலநாட்டு ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் இருவர், ஆண்டு 1905. மூச்சை அடக்கியவழி எழுந் தவிப்பும் பெரும்பாலும் இவ்வாயு மிகுதலாலேயே எழுவது. அதற்கு முந்திய 1904இல் டென்மார்க்கு நாட்டுப் போர் என்பார், குருதியினின்று பிராணவாயு உடலுறுப்புக்களுக்கு விடுபடுதற்கும் கரியமிலவாயு துணையாதலைக் காட்டினார். ஆகலின் அதனை வெறுங் கழிவெனத் தள்ளுதல் பொருந்தாது.

இனி, திருமூலர் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்திற் பூரகத்துக்குப் பதினாறு மாத்திரையும், கும்பகத்துக்கு அறுபத்துநான்கும், இரேசகத்துக்கு முப்பத்திரண்டும் வகுத்தனர். நிறுத்தல் வாங்குதலின் நான்மடங்கு. அந்நிறுத்தத்திற் கரியமிலவாயு ஏறும். படிப்படியாகப் பயின்றார்க்கு அதன் தவிப்புக் குறையும். யோகம் பயின்றோரின் மூச்சு அவ்வாயுவுக்குப் பிறர்போல் விரைந்தெழாமையை 1981இல் ஸ்டானெஸ்கு முதலானோர் அளந்து கண்டனர்.

ஈண்டு ஒரு சொன்மயக்கம் களையற்பாலது. பள்ளி நூல்கள் ஆக்ஸிஜனுக்குப் பிராணவாயு எனப் பெயரிட்டமையால், பிராணாயாமம் அதனை உடலில் மிகுதியாகத் தேக்குங் கலை எனப் பலர் மயங்கினர். நலமுள்ளார் குருதியில் அது இயல்பாகவே நிறைவுற நிற்பதாகலின், தேக்குதற்கு இடம் மிகச் சிறிது. 1924இல் லோணாவளையிற் கைவல்யதாமம் நிறுவிய சுவாமி குவலயானந்தர் இவற்றைக் கருவிகொண்டு ஆராயத் தலைப்பட்டார். அங்குப் பயின்ற, திருவிதாங்கூரிற் பிறந்த கோவூர் பெகனன், யேல் பல்கலைக்கழகத்தில் தம் உடலையே சோதனைக்குரியதாக்கி, 1937இல் நூல் வெளியிட்டார். உஜ்ஜாயி செய்யுங்கால் ஆக்ஸிஜன் செலவு நூற்றுக்கு 24.5 பங்கு மிகுந்ததென்பது அவர் கண்டது. சேமிப்பன்று, செலவே மிகுந்தது!

பயனோவெனின், 1952 முதல் உருசிய மருத்துவர் புத்தேய்கோ வகுத்த குறைமூச்சுப் பயிற்சி, ஈளைநோயாளர் சிலர்க்குத் தொல்லையையும் மருந்தின் அளவையுங் குறைத்தது. நுரையீரலின் ஆற்றலைப் பெரிதும் மாற்றிற்றிலது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டி முதலானோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், செபமாலையும் மந்திரமும் ஓதியோரின் மூச்சு நிமிடத்துக்கு ஆறளவாகத் தணிந்து, குருதியழுத்தத்தைச் சீர்செய்யும் இயல்பூக்கம் வலுப்பெற்றது. ஆயப்பட்டது பௌத்த மந்திரம், திருவைந்தெழுத்தன்று. எனினும் பயன் மூச்சின் அளவைப் பற்றியதாகலின், நிதானித்து ஓதுவார்க்கு அது நெருங்கிய செய்தியே.

இதயநோயும் மிகு குருதியழுத்தமும் உடையாரும், கருவுற்ற மகளிரும் நெடுங் கும்பகத்தை விலக்கல்வேண்டும். நீரில் மூழ்குமுன் பலமுறை விரைந்து மூச்செறிவது கொடிது. கரியமிலவாயு வெளியேறிவிடுதலின் தவிப்பு உரிய காலத்தில் எழாது. ஆக்ஸிஜன் தீர்ந்து, மூழ்கினோர் அறியாமலே மயங்குவர்.