கடல் விலகிய காயல்

தென்னாட்டின் கீழைக் கரையை அரபு வரலாற்றாசிரியர்கள் 'மஅபர்' என அழைத்தனர். 'அபர' என்னும் வினையடியிற் பிறந்த இச்சொல்லுக்குக் கடந்து செல்லும் இடம் என்பது பொருள். அக்கரையின் பெருந்துறைகளுள் ஒன்று காயல். உப்பங்கழியைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

1292ஆம் ஆண்டையொட்டி இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கைஸ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் காயலில் தங்கிச் சென்றதைக் குறித்துள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் கணக்கையே தருகிறார். கைஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவது. குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தீனார். வழியில் மாண்டவற்றுக்கும் பாண்டியர் கருவூலமே விலை தருவது. இதுவே உடன்படிக்கை. அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மானோ பாண்டியரின் அமைச்சராய் அமர்ந்து, காயல் முதலிய துறைகளைத் தம் பொறுப்பில் வைத்திருந்தார். வேற்றுச் சமயத்தாரிடம் துறைமுகங்களையே ஒப்படைத்த அரசும், அந்த அமானிதத்தை ஏற்று நின்ற அமைச்சரும் இக்கரையின் பெருமையாவர்.

கொழும்பிலிருந்து வந்திருந்த எம் மைத்துனர் குடும்பத்தாரை அண்மையில் பழையகாயலுக்கு அழைத்துச் சென்றோம். நாற்புறமும் உப்பளங்கள். மைத்துனரின் இளைய மகன், "மாமா, துறைமுகம் எங்கே?" என்று கேட்டான். நாம் நின்றிருந்த மண்ணைச் சுட்டிக் காட்டினோம்.

இத்துறையைப் பகைவர் எவரும் அழிக்கவில்லை. தாமிரபரணி சுமந்து வந்த வண்டலே அழித்தது. சங்க காலத்து முத்துத் துறையான கொற்கையை முதலில் அது கடலினின்று பிரித்தது. பின்னர்க் காயலையும் பிரித்தது. கால்டுவெல் இவ்விடத்தை அகழ்ந்து பார்த்தவர். சீனத்துப் பீங்கானும் அரபு நாட்டு மட்கலங்களும் ஓடுகளாய்ச் சிதறிக் கிடந்ததை 1881இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்றில் பதிந்துள்ளார். மார்க்கோ போலோ கண்ட காயல் இதுவே என்பது அவர் முடிபு. இன்றைய காயல்பட்டினமே அது என்பாரும் உளர்.

வழக்கு எவ்வாறாயினும், ஆற்று வண்டலை நம்மால் தடுத்திருக்க இயலாது. ஆனால் மறதி என்னும் வண்டல் நம் கைகளாலேயே சேர்கிறது. காயல்பட்டினம் முதலான கரையூர்களின் அடக்கத்தலங்களில் அரபு எழுத்துப் பொறித்த பழைய மீஸான் கற்கள் நிற்கின்றன. துறைமுகத்தை ஆண்டு அனுபவித்த தலைமுறைகளின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் அவற்றில்தாம் உள்ளன. நாம் கண்ட சில கற்களில், பக்தியோடு பூசிய சுண்ணாம்பே எழுத்துகளைத் தூர்த்துவிட்டது. அரபு கற்ற மாணவர் இருவர், ஒரு குறிப்பேடு, ஒரு விடுமுறை நாள் இருந்தால் ஓர் ஊரின் கற்களைப் படியெடுக்கத் தொடங்கிவிடலாம். ஒவ்வொரு ஜமாஅத்தும் அடுத்த பூச்சுக்கு முன்பாகவே இதனைச் செய்யவேண்டும்.

படிப்பினையைக் குறிக்கும் 'இப்ரத்' என்னும் சொல்லும் 'மஅபர்' பிறந்த அதே வேரினின்று வந்ததாகும். கண்ட பொருளினின்று அதன் கருத்துக்குக் கடந்து செல்வதே இப்ரத். மரக்கலம் கடந்த துறை தூர்ந்துபோயிற்று. இந்தத் துறையேனும் தூராதிருக்கட்டும்.