பத்து வருடம் கப்பலில், பத்து வருடம் காகிதத்தில்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே எல்லோர் காதிலும் விழும் சொல் 'ரிசர்விஸ்ட்'. பக்கத்து மேசைக்காரர் இரண்டு வாரம் காணாமல் போவார். கேட்டால் ரிசர்விஸ்ட் என்பார்கள். தொந்தி வைத்த அக்கவுண்ட்ஸ் ஆசாமி ஒருநாள் மொட்டை அடித்த மாதிரி முடிவெட்டி, கையில் பச்சைப் பையோடு போவார். 1967-ல் கட்டாய ராணுவ சேவை வந்த ஊர் இது. இரண்டு வருடம் முழுநேரம். அதற்குப் பிறகு பத்து வருடச் சுழற்சியில் வருடத்துக்கு அதிகபட்சம் 40 நாள் வரை கூப்பிடுவார்கள். சாதாரணப் படைவீரருக்கு 40 வயது வரை, அதிகாரிக்கு 50 வயது வரை கடமை உண்டு. 1994-ல் 'ரிசர்விஸ்ட்' என்ற பெயரையே அதிகாரபூர்வமாக மாற்றிவிட்டார்கள், 'கூப்பிட்ட நாளில் தயாராக நிற்கும் தேசிய சேவையாளர்' என்ற பொருளில். ஆனால் காப்பிக்கடையில் இன்னும் பழைய பெயர்தான்.

நிரந்தரவாசம் வாங்கியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இது வெறும் தகவல் இல்லை. அப்பாவுக்கு விலக்கு, பையனுக்கு இல்லை. எத்தனை வீட்டில் இதைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த வாக்குவாதத்துக்குள் நான் இன்று போகப்போவதில்லை. நான் சொல்ல வந்தது நம் நாட்டில் இருந்த ரிசர்வ் பற்றி. ஆமாம், இந்தியாவிலும் இருந்தது. அதை நான் தெரிந்துகொண்டது ஏலூரில்.

ஏலூர் என்றால் பலருக்குத் தெரியாது, உத்யோகமண்டல் என்றால் சிலருக்குத் தெரியும். பெரியாறு கிளை பிரிந்து சுற்றி ஓடும் தீவு மாதிரியான இடம், கொச்சிக்குப் பக்கம். திருச்சிப் பக்கத்து சேஷசாயி சகோதரர்கள் 1943-ல் ஆரம்பித்த ஃபாக்ட் உரக்கம்பெனி அங்கேதான். 1947-ல் உற்பத்தி தொடங்கியபோது விறகை எரித்து வாயு எடுத்து அம்மோனியா செய்தார்கள் என்றால் இன்றைய கெமிக்கல் எஞ்சினியர்கள் நம்ப மாட்டார்கள். அப்புறம் டி.சி.சி., அரிய மணல் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக வந்தன. ஊரே சங்குச் சத்தத்துக்கு எழுந்து சங்குச் சத்தத்துக்குச் சாப்பிடும். அப்பா மாதிரி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் உண்டு. வேலைக்கு வந்தவர்களில் இன்னொரு வகை, பட்டாளத்திலிருந்தும் கடற்படையிலிருந்தும் வெளியே வந்தவர்கள். செக்யூரிட்டி, ஃபயர், பாய்லர், கிரேன் என்று எங்கு பார்த்தாலும் ஒரு முன்னாள் ஜவான் இருப்பார். மத்தியப் பொதுத்துறையில் முன்னாள் படைவீரருக்கு 'சி' பிரிவில் 14.5 சதவீதம், 'டி' பிரிவில் 24.5 சதவீதம் என்ற ஒதுக்கீடு பிற்பாடு வந்தது. அதற்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள். இயந்திரம் தெரிந்தவர்கள், அதிகாலையில் எழுந்து பழகியவர்கள்.

அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் 'கலர் சர்வீஸ்'. எனக்குச் சின்ன வயதில் அது ஏதோ வண்ணம் பூசும் வேலை என்று தோன்றும். கலர் என்றால் ரெஜிமெண்டின் கொடி. கொடியின் கீழ் நின்று செய்யும் சேவை கலர் சர்வீஸ். கொடியை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் பெயர் மட்டும் ரிஜிஸ்டரில் இருந்தால் அது ரிசர்வ்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? 1806-ல் நெப்போலியனிடம் அடி வாங்கிய பிரஷ்யாவுக்கு 1808-ல் ஒரு நிபந்தனை போட்டார்கள், 42,000 பேருக்கு மேல் ராணுவம் வைக்கக்கூடாது என்று. பிரஷ்யா சிலரைக் கூப்பிட்டுப் பழக்கி, வீட்டுக்கு அனுப்பி, அடுத்த கூட்டத்தைக் கூப்பிட்டது. (அந்தக் கதையைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் யோசனை நின்றுவிட்டது.) 1870-ல் அதே பிரஷ்யா பிரான்ஸை மடக்கியதை உலகமே பார்த்தது. அதே வருடம் பிரிட்டன் கார்ட்வெல் சீர்திருத்தத்தில் பன்னிரண்டு வருட ஒப்பந்தத்தைப் படையிலும் ரிசர்விலுமாகப் பிரித்தது.

இந்தியாவுக்கு இது வந்தது 1886-ல். சட்டம் 1888-ல். அப்போது தலைமைத் தளபதி ராபர்ட்ஸ். அதற்கு முன்னால் மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்தவர். தென்னிந்தியன் போருக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டிய ஆளும் அவரேதான். அந்த முடிவின் விளைவாக மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து, 1920-களின் கடைசியில் ஒன்றுமில்லாமல் போயின. இரண்டாம் உலகப்போரில் ஆள் வேண்டியிருந்தபோது மறுபடி உண்டாக்கினார்கள். ஆகவே முதல் அறுபது வருட ரிசர்வ் வரலாற்றில் நம்மவர் பெயர் குறைவு. ரிசர்வுக்குப் போனவனுக்கு மாதம் இரண்டு மூன்று ரூபாய். அவ்வப்போது பயிற்சிக்கு வரவேண்டும். 1914-ல் போர் வந்தபோது ரிசர்வில் இருந்தது சுமார் 35,000 பேர். கூப்பிட்டுப் பார்த்தால் அதில் பலருக்கு வயதாகிவிட்டது, உடம்பு முடியவில்லை. மூன்று ரூபாய்க்கு அவ்வளவுதான் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஏற்பாடு தொடர்ந்தது. 1950-களில் தரைப்படையில் சேர்ந்த சிப்பாய்கள் பலருக்கு ஏழு வருடம் கலர், எட்டு வருடம் ரிசர்வ். மொத்தம் பதினைந்து. இந்தப் பதினைந்தில்தான் விஷயமே இருக்கிறது. சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் பதினைந்து வருட சேவை வேண்டும். ஏழு வருடத்தில் வெளியே வருகிறவனுக்கு அது எட்டாது. ஆனால் ரிசர்வ் வருடங்களையும் கூட்டிக்கொள்ளலாம் என்று விதி. 1961-ன் பென்ஷன் விதிகளில் 155-வது விதி அது. கலரும் ரிசர்வும் சேர்ந்து பதினைந்து முடிந்தால் மாதம் பத்து ரூபாய் ஐம்பது காசு, வேண்டாம் என்றால் மொத்தமாக 800 ரூபாய். சிரிப்பு வருகிறது இல்லையா? அந்தக் காலத்தில் பலர் 800 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள். ஓட்டுக்கூரை போட, தங்கை கல்யாணத்துக்கு, ஒரு பசுமாட்டுக்கு. மாதப் பென்ஷனை எடுத்துக்கொண்டவர்களின் தொகை ஊதியக்குழுக்கள் வர வர ஆயிரங்களுக்குப் போனது. 800 வாங்கியவர்களைப் பற்றி அவர்கள் பேரப்பிள்ளைகள்கூடப் பேசுவதில்லை.

கடற்படையில் கணக்கு வேறு. 1940-லேயே கடற்படை ரிசர்வுக்கு விதிகள் எழுதப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் சேர்ந்த மாலுமிகளுக்குப் பத்து வருடம் கப்பலில், பத்து வருடம் ஃப்ளீட் ரிசர்வில். இரண்டும் முடிந்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன். பதினேழு பதினெட்டு வயதில் சேர்ந்தவன் இருபத்தெட்டில் வெளியே வந்து, வேறு வேலை பார்த்துக்கொண்டே முப்பத்தெட்டில் பென்ஷன்காரன் ஆகலாம். கொச்சி மாதிரி கடற்படை ஊரில் இது பையன்களுக்குப் பெரிய கவர்ச்சி. 1943-லிருந்தே வெண்டுருத்தி அங்கே இருக்கிறது. வெள்ளைச் சட்டையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் அப்படி ஒருவர் இருந்தார். மலையாளி. நாங்கள் 'நேவி மாமன்' என்போம். 1968-ல் கடற்படையில் சேர்ந்து 1978-ல் வெளியே வந்து, ஏலூரில் பாய்லர் பக்கம் வேலைக்குச் சேர்ந்தவர். அப்பாவோடு சாயங்காலம் படியில் உட்கார்ந்து அரைத் தமிழில் பேசுவார். "சாரே, எனக்கு இன்னும் பத்து வருஷம் கடல் பாக்கி இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு அப்போது புரியவில்லை.

அவருக்குப் பாக்கி இருந்த அந்தப் பத்து வருடம் 1976 ஜூலை 3-ம் தேதியே போய்விட்டது. எமர்ஜென்சி காலம். அன்று வந்த அரசு உத்தரவு ஃப்ளீட் ரிசர்வை நிறுத்தியது. இனிப் பதினைந்து வருடம் கப்பலிலேயே இருந்தால்தான் பென்ஷன். ஏன் நிறுத்தினார்கள் என்பதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. 1968-லிருந்து ரஷ்யக் கப்பல்கள் வர ஆரம்பித்தன. 1971 டிசம்பரில் கராச்சியை அடித்தது ஏவுகணைப் படகுகள். நீராவி பாய்லர் தெரிந்தவனை ஐந்து வருடம் கழித்துக் கூப்பிட்டு அந்தப் படகில் ஏற்ற முடியாது. பழக்கிய ஆளை வெளியே விடுவதைவிட உள்ளேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்தான்.

ஆனால் ஏற்கெனவே '10+10' என்று சொல்லிச் சேர்த்தவர்கள்? அவர்களுடைய முதல் பத்து 1976-க்குப் பிறகு முடிந்தது. போவதற்கு ரிசர்வ் இல்லை. பதினைந்தும் ஆகவில்லை. வெறுங்கையோடு கேட்டைத் தாண்டி வந்தார்கள். அப்போது இளம்வயது, உரக்கம்பெனியிலும் கப்பல் கட்டுமிடத்திலும் வளைகுடாவிலும் வேலை கிடைத்தது, யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அறுபது வயது தாண்டி மருந்துச் சீட்டு நீள ஆரம்பித்த பிறகுதான் பழைய காகிதங்களை எடுத்தார்கள். 2009-ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது, கொச்சியிலும் ஒரு கிளை வைத்தார்கள். பென்ஷன் வழக்குகளுக்குச் சொந்த ஊரிலேயே ஒரு வாசல் கிடைத்தது.

கடற்படைக்காரர்களின் கேள்வி கடைசியில் உச்ச நீதிமன்றம் போய், டி.எஸ். தாஸ் வழக்கில் 2016 அக்டோபர் 27 அன்று தீர்ப்பு வந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். சாரம் இது. ரிசர்வில் சேர்க்கப்படுவது மாலுமியின் உரிமை அல்ல, அது அரசு எடுக்கும் முடிவு. ரிசர்வில் ஒரு நாள்கூட இருக்காதவருக்கு ரிசர்விஸ்ட் பென்ஷன் இல்லை. ஆனால் கடற்படைப் பென்ஷன் விதிகளில் 95-வது விதி என்று ஒன்று இருக்கிறது, அதில் 'ஸ்பெஷல் பென்ஷன்'. 1976 ஜூலை 3-க்கு முன் சேர்ந்து, ஒப்பந்தக் காலம் அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ முடிந்து, ரிசர்வை நிறுத்திய கொள்கையால் மட்டுமே ரிசர்வுக்குப் போகமுடியாமல் போனவர்களுக்கு அது கிடைக்கலாம்.

'மட்டுமே' என்ற இடத்தில்தான் முள். ஒப்பந்தம் முடியும்போது 'போகிறேன்' என்று தானாக விருப்பம் தெரிவித்து விடுவிப்பு வாங்கியவருக்கு இந்தப் பென்ஷன் இல்லை. இருபத்தெட்டு வயதுக்காரனிடம் ஒரு தாளை நீட்டி "தொடர விருப்பமா, இல்லையா" என்று கேட்டால் அவன் என்ன எழுதுவான்? பத்து வருடம் வீட்டைப் பார்க்காதவன். வெளியே வேலை காத்திருக்கிறது. அந்த ஒரு வரி நாற்பது வருடம் கழித்துத் தன் மனைவியின் மருந்துச் செலவைத் தீர்மானிக்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? சட்டப்படி நீதிமன்றம் சொன்னது சரியாக இருக்கலாம். எனக்கு அது உறுத்துகிறது.

நேவி மாமன் தீர்ப்புக்கு முன்பே போய்விட்டார். அத்தை இருக்கிறார். மகன் துபாயில். போன வருடம் அவன் சான்றிதழை ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பினான், நான் ஏதோ சட்டம் படித்தவன் மாதிரி. விடுவிப்புக் காரணம் என்ற கட்டத்தில் 'ஒப்பந்தக் காலம் முடிந்தது' என்றுதான் இருக்கிறது. நல்லது. ஆனால் அதோடு தனியாக ஒரு விருப்பக் கடிதம் ஃபைலில் இருக்கிறதா என்பது அந்தச் சான்றிதழில் தெரியாது. மாமன் எதில் கையெழுத்துப் போட்டார் என்று அத்தைக்கும் நினைவில்லை. "அவர் எல்லாத்திலும் ஒப்பிடுவார், படிக்கவே மாட்டார்" என்றாராம். விண்ணப்பம் போயிருக்கிறது. பதில் வரவில்லை.

தரைப்படையில் ரிசர்வ் அடியோடு மறையவில்லை. பதினைந்து வருடம் கலர், இரண்டு வருடம் ரிசர்வ் என்று சுருங்கியது. பென்ஷன் கலரிலேயே கிடைத்துவிட்டதால் அந்த இரண்டு வருடத்தை யாரும் கவனிப்பதில்லை. வெளியே வந்த பலர் கண்ணூரில் மையம் வைத்திருக்கும் டி.எஸ்.சி.யில் மறுபடி சேர்ந்து, ராணுவக் கிடங்குகளுக்கும் கடற்படைத் தளங்களுக்கும் காவல் நிற்கிறார்கள். 2022-ல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம், நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர முடியும், மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது. பழைய 800 ரூபாய் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த முறை மாதப் பத்து ரூபாய் ஐம்பது காசு என்ற இன்னொரு கட்டம் படிவத்திலேயே இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அப்பாவோ, பெரியப்பாவோ, தாத்தாவோ கடற்படையில் பத்து வருடம் இருந்து 1976-க்குப் பிறகு வெளியே வந்திருக்கலாம். ஊருக்குப் போகும்போது பீரோவில் தேடுங்கள். சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, விடுவிப்புக் காரணம், இந்த மூன்றையும் பாருங்கள். கேரளம் என்றால் ஜில்லா சைனிக் வெல்ஃபேர் ஆபீஸ், தமிழ்நாடு என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அவர் இல்லாவிட்டாலும் மனைவி இருந்தால் கேட்டுப் பாருங்கள். கொண்டுபோகும்போது நகலைக் கொடுங்கள். ஒரிஜினலைக் கையைவிட்டு விடாதீர்கள்.