ஜாவா கைவிட்ட காவல்

ஒரே தரவைப் பல இழைகள் ஒரே வேளையில் திருத்த முனைந்தால் கணக்குப் பிழைபடும். இதனைத் தடுக்க 1965இல் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ‘செமஃபோர்’ என்னும் கருவியை முன்வைத்தார். எனினும் அதனை வழுவின்றிக் கையாளும் பொறுப்பு நிரலாளரையே சார்ந்திருந்தது. ஓரிடத்தில் மறந்தாலும் காவல் குலையும்.

1970களின் தொடக்கத்தில் பெர் பிரிஞ்ச் ஹான்சனும் டோனி ஹோரும் ‘மானிட்டர்’ என்னும் கருத்தை வளர்த்தனர். பொதுத் தரவும் அதனைத் தொடும் செயல்முறைகளும் ஒரே வேலிக்குள் அமைந்தன. ஒரு நேரத்தில் ஒரு செயலுக்கே உள்ளே இடம். பிரிஞ்ச் ஹான்சன் 1975இல் வெளியிட்ட கன்கரன்ட் பாஸ்கல் மொழியில், வேலியைத் தாண்டும் நிரலைக் கம்பைலரே ஏற்க மறுத்தது.

இருபது ஆண்டுகள் கழித்து வந்த ஜாவா, மானிட்டரைத் தழுவியும் அக்காவலைக் கைவிட்டது. ‘சிங்க்ரனைஸ்டு’ என்னும் குறிச்சொல்லை இடுவதும் விடுவதும் நிரலாளர் விருப்பமாயின. கால் நூற்றாண்டு ஆய்வு புறக்கணிக்கப்பட்டதென 1999இல் பிரிஞ்ச் ஹான்சன் கடுமையாகச் சாடினார். 2004இல் ஜாவாவின் நினைவக விதிகள் திருத்தப்பட்டன. அவர் சுட்டிய குறை மட்டும் எஞ்சியது.

2015இல் முதற்பதிப்புக் கண்ட ரஸ்ட், உடைமை விதிகள் என்னும் வேறு வழியில், அந்தப் பொறுப்பை மீண்டும் கம்பைலரிடம் ஒப்படைத்தது. கன்கரன்ட் பாஸ்கல் தோன்றி அப்போது நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.