வெள்ளம் வந்தாலும் கம்ப்யூட்டர் ஃபைல்கள் அழியாமல் இருக்க என்ன செய்யலாம்? '3-2-1' முறை இதுதான்!

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மிதந்தது. வடசென்னையின் எர்ணாவூர், எண்ணூர் பகுதிகளில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தில், மணலி பக்கமிருந்து வந்த எண்ணெயும் கலந்திருந்தது.

சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. ரேஷன் கார்டு, மார்க் ஷீட் போன்றவற்றின் பதிவு அலுவலகங்களில் இருப்பதால் மறுபடியும் வாங்கிவிடலாம். ஆனால் நனைந்துபோன கம்ப்யூட்டரில் இருந்த கடைக் கணக்கு, கல்யாண போட்டோ? அதற்கு எந்த முகாமும் கிடையாது. நாமே நகல் எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு.

3-2-1 என்றால் என்ன?

3 - முக்கியமான ஃபைல் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இருப்பதும் அதில் ஒன்று.

2 - இரண்டு வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். உதாரணமாக, கம்ப்யூட்டர் மற்றும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்.

1 - ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

கடைசி விதிதான் நம்ம ஏரியாவுக்கு முக்கியம். ஹார்ட் டிஸ்க்கை அதே வீட்டு பீரோவில் வைத்தால், வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே போகும். கடை திருவொற்றியூரில், பிரதி பக்கத்துத் தெருவில் என்றாலும் அதே கதைதான். வெளியூர் சொந்தக்காரர் வீடோ, கூகுள் டிரைவ் போன்ற கிளவுட் சேவையோ பாதுகாப்பானது. கூகுள் கணக்கில் 15 ஜிபி வரை இலவசம்.

மேர்ஸ்க்கை காப்பாற்றிய பவர் கட்

துறைமுகச் சாலையில் 'மேர்ஸ்க்' என்று எழுதிய கன்டெய்னர்களைப் பார்த்திருப்பீர்கள். 2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' வைரஸ் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை முடக்கியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்தும் முனையமும் பாதிக்கப்பட்டது. நெட்வொர்க்கை இயக்கும் முக்கிய சர்வர்கள் ஒன்றுக்கொன்று பேக்கப்பாக இருந்தன. எல்லாமே இணைப்பில் இருந்ததால் எல்லாமே அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்று மட்டும் தப்பியது. காரணம், அப்போது அங்கே பவர் கட்!

அதனால் பேக்கப் எடுத்து முடித்ததும் ஹார்ட் டிஸ்க்கை கழற்றி வையுங்கள்.

'எல்லாம் போன்லயே இருக்கே' என்கிறீர்களா?

கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை டெலிட் செய்தால், போன், கிளவுட் இரண்டிலும் போய்விடும். பேக்கப் ஆன படங்கள் 60 நாள் வரை டிராஷில் இருக்கும், அதற்குப் பிறகு கிடைக்காது. அதனால் கிளவுட் மட்டும் போதாது, தனியாக ஒரு பிரதியும் வேண்டும்.

தண்ணீர் புகுந்துவிட்டால்?

கம்ப்யூட்டரையோ ஹார்ட் டிஸ்க்கையோ ஆன் பண்ணிப் பார்க்காதீங்க. ஹேர் டிரையர் வைத்துக் காய வைக்கவும் வேண்டாம். டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள். செலவு அதிகம், எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். அது திறந்தால்தான் பேக்கப். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.